பீனிச ஒப்பரேஷனும் மணமும்: முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

மூக்கடைப்பு, தலைப்பாரம், தொண்டையில் இறங்கும் சளி. பீனிசக்காரர், அதாவது மூக்கிலும் அதைச் சுற்றிய சைனஸ் எனும் எலும்பு அறைகளிலும் நாட்பட்ட அழற்சி உள்ளவர், கிளினிக்கில் சொல்லும் வரிசை பெரும்பாலும் இதுதான். மணம் தெரியவில்லை என்பதைக் கடைசியில், அதுவும் கேட்டால்தான் சொல்வார்கள். ஆனால் ஒப்பரேஷன் முடிந்து மூக்கு திறந்த பிறகு எல்லாரும் கேட்பது, “மணம் எப்ப வரும்?” என்றுதான். அரைத்த கொழுந்தின் பச்சை வாசம் மாறிப் பழவாசம் எழும் தருணத்தை மூக்கால் பிடிக்க வேண்டிய தேயிலைத் தொழிற்சாலை டீமேக்கருக்கு அது தொழில். அடுப்பில் கறி கருகுவதை, காஸ் கசிவதை அறிய வேண்டிய வீட்டுக்காரருக்கு அது பாதுகாப்பு.

ஒப்பரேஷன் மணத்தைக் கொண்டுவந்து தருவதில்லை என்பதை முதலிலேயே விளங்கிக்கொள்ள வேண்டும். மண்சரிவில் அடைபட்ட றோட்டை வெட்டித் திறப்பதுபோல் அது வழியைத் திறந்துவிடுகிறது, அவ்வளவுதான். அந்த வழியால் காற்றும் மருந்தும் மாதக்கணக்கில் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால்தான் மணம் திரும்பும், திரும்பிய மணமும் நிலைக்கும். ஒப்பரேஷனோடு எல்லாம் முடிந்தது என்று மருந்தை நிறுத்துகிறவர்களுக்கே வந்த மணம் மறுபடி போகிறது.

மணம் ஏன் போகிறது

மண நரம்புகள் மூக்கின் கூரையில், இரு கண்களுக்கும் நடுவான மட்டத்தில், மூக்கின் நடுச்சுவருக்கும் மேல் சதைமடிப்புக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய பிளவில் இருக்கின்றன. அந்தப் பிளவு ஓரிரு மில்லிமீற்றர் அகலம்தான். நாம் சாதாரணமாக இழுக்கும் மூச்சிலும் ஒரு சிறு பங்குதான் அதுவரை ஏறும். கொஞ்சம் வீக்கமோ, தடித்த சளியோ, பொலிப் எனப்படும் வழுவழுப்பான சதைத்தொங்கலோ வந்தால் போதும், வாசனை மேலே ஏறாது.

இது முதலாவது காரணம். இரண்டாவது காரணத்தைப் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. நாட்பட்ட அழற்சி மண நரம்புப் படலத்தையே தாக்குகிறது. குறிப்பாக ஈசினோஃபில் எனும் வெள்ளணுக்கள் திரளும் பீனிசத்தில், வழி திறந்திருந்தாலும் நரம்பு மந்தமாகவே இருக்கும். கத்தியால் சரிசெய்யக்கூடியது முதலாவதை. இரண்டாவதற்கு அழற்சியை அடக்கும் ஸ்டெரொய்ட் மருந்து வேண்டும். மண நரம்பு உடலில் புதிதாக முளைக்கக்கூடிய நரம்புகளில் ஒன்று. அழற்சி அடங்கியிருந்தால் அது மெல்ல மெல்ல மீளும். வருடக்கணக்கில் அழற்சியோடு விட்டால் அந்த இடத்தைச் சாதாரண மூக்குத்தோல் பிடித்துக்கொள்ளும். அதன்பின் மீட்பது கடினம்.

உங்களுக்குத் திரும்புமா

பொலிப் உள்ளவர்களுக்கும், மணம் அடியோடு போனவர்களுக்கும்தான் ஒப்பரேஷனுக்குப் பின் முன்னேற்றம் அதிகம் தெரிகிறது. கேட்க விநோதமாக இருக்கும், ஆனால் காரணம் நேரானது: அவர்களுக்குப் பெரிய அடைப்பு இருந்தது, அது அகன்றது. பொலிப் இல்லாமல் லேசாக மணம் குறைந்தவர்கள் பெரிய மாற்றத்தை எதிர்பார்க்கக் கூடாது. மூக்கின் நடுச்சுவர் வளைவை மட்டும் நிமிர்த்தும் ஒப்பரேஷனால் மூச்சு சீராகும். மணம் கூடும் என்று அதை நம்பிச் செய்ய வேண்டாம்.

நம்பகமான அறிகுறி ஒன்று உண்டு. டொக்டர் ஒரு கிழமை, இரண்டு கிழமைக்குப் பிரெட்னிசொலோன் எனும் ஸ்டெரொய்ட் குளிசை தந்தபோது உங்களுக்கு மணம் திரும்பி, நிறுத்தியதும் போனதா? அப்படியென்றால் நரம்பு உயிரோடு இருக்கிறது. ஒப்பரேஷனும் தொடர் மருந்தும் பலன் தர நல்ல வாய்ப்பு உண்டு. தடிமன் இல்லாத நாளில் சற்று மணம் வந்து போவதும் இதே வகையான நல்ல செய்தி. அதற்காகப் பழைய மருந்துத் துண்டைக் காட்டி மருந்துக்கடையில் அந்தக் குளிசையைத் தானாக வாங்கிப் போடாதீர்கள். சீனி வருத்தக்காரருக்குச் சீனி ஏறும், வயிற்றுப்புண் கிளறும், முன்பு காசநோய் இருந்தவருக்கு அது மறுபடி தலைதூக்கலாம். வருடத்தில் ஓரிரு தடவைக்கு மேல் அதை எடுக்கும் நிலை வந்தால் வேறு வழி யோசிக்க வேண்டும்.

கிளினிக்கில் இவற்றையும் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். தலையில் அடிபட்டபின் மணம் போனதா? கொவிட் போன்ற காய்ச்சலோடு திடீரென்று போனதா? இந்த இரண்டிலும் சைனஸைத் திறப்பதால் மணம் வராது. ஒரு பக்கம் மட்டும் அடைப்பும் நாற்றமும் இருந்தால் மேல்தாடைப் பல்வேரில் சீழ் இருக்கலாம், முதலில் பல்லைக் காட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அடைப்பும் இரத்தமும் என்றால் தாமதிக்கவே கூடாது, கட்டியா என்று பார்க்க வேண்டும். ஆஸ்துமா, பொலிப், அஸ்பிரின் ஒத்துக்கொள்ளாமை மூன்றும் சேர்ந்திருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். அந்த வகையில் பொலிப் திரும்பத் திரும்ப முளைக்கும், சத்திரசிகிச்சை நிபுணர் திட்டமிடும் விதமே மாறும்.

முன்கூட்டியே அளந்து வையுங்கள்

பெரிய நிலையங்களில் பேனை போன்ற மணக்குச்சிகளாலோ, சுரண்டினால் மணக்கும் 40 அட்டைகளாலோ மணத்தை அளப்பார்கள். உங்களுக்கு அது கிடைக்காவிட்டாலும் வீட்டில் ஓர் அளவு எடுத்து வைக்கலாம். கோப்பித்தூள், கராம்பு, தேசிக்காய்த் தோல், கருவாடு, ஏலக்காய் ஆகியவற்றை ஒரே அளவான மூடிப் போத்தல்களில் தனித்தனியே போடுங்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு, ஒரு நாசியைப் பக்கத்திலிருந்து மெதுவாக அழுத்தி மூடி, வீட்டில் ஒருவரைப் போத்தல்களை மாற்றி மாற்றி நீட்டச் சொல்லுங்கள். நடுவில் வெறும் போத்தல் ஒன்றையும் நீட்டச் சொல்லுங்கள், அது ஊகத்தைக் காட்டிக்கொடுக்கும். மணம் தெரிகிறதா, என்னவென்று சொல்ல முடிகிறதா என்று ஒவ்வொரு நாசிக்கும் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் திகதியோடு எழுதுங்கள். ஒப்பரேஷன் முடிந்து மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் இதையே செய்தால் முன்னேற்றம் மனப்பிரமையா, உண்மையா என்று தெரியும்.

சித்தாலேப பாம், விக்ஸ், அமோனியா போன்றவற்றால் சோதிக்காதீர்கள். அவற்றின் குளிர்ச்சியையும் எரிவையும் அறிவது முகத்தின் உணர்வு நரம்பு, மண நரம்பு அல்ல. மணம் முற்றாகப் போனவருக்கும் பாம் “ஏறும்”. அதை வைத்து எனக்கு மணம் இருக்கிறது என்று ஏமாறுகிறவர்கள் அதிகம்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டை கிளினிக்குக்குத் தோட்ட டிஸ்பென்சரியிலிருந்தோ பக்கத்து ஆஸ்பத்திரியிலிருந்தோ கடிதத்தோடு போகலாம். அங்கே எண்டஸ்கோப் எனும் மெல்லிய கமெராக் குழாயால் மூக்குக்குள் பார்ப்பார்கள், பிறகு சி.ரி. ஸ்கேன் எடுப்பார்கள். நல்ல தடிமன் பிடித்திருக்கும் நாளில் எடுத்த ஸ்கேன் உண்மையைவிட மோசமாகக் காட்டும், ஆகவே அன்று தடிமன் என்றால் சொல்லிவிடுங்கள். படத்தைப் பார்க்கும்போது, “மண நரம்பு இருக்கிற பிளவு அடைபட்டிருக்கா?” என்று நேரே கேளுங்கள். சைனஸ் அறைகளைவிட அந்தப் பிளவின் நிலைதான் மணத்தைப் பற்றி அதிகம் சொல்லும்.

ஒப்பரேஷன் நாள்

இதில் நீங்கள் செய்ய வேண்டியது குறைவு. முழு மயக்கத்தில், நாசித் துவாரம் வழியாகவே எண்டஸ்கோப்பை விட்டுச் செய்வார்கள். முகத்தில் வெட்டு இல்லை. பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மணித்தியாலம். இரத்தம் இளக்கும் குளிசைகளை எப்போது நிறுத்துவது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், இதயத்துக்காக எடுப்பவர் தானாக நிறுத்தக் கூடாது. உள்ளிப்பூண்டுக் குளிசை, மீனெண்ணெய்க் குளிசை போன்றவற்றையும் சொல்லுங்கள், இரத்தக் கசிவு கூடலாம். சிகரெட்டை இயன்றளவு முன்கூட்டியே விடுங்கள்.

திகதி வாங்கும்போது ஒன்றை யோசியுங்கள். முதல் மாதத்தில் இரண்டு மூன்று தடவை கிளினிக்குக்கு வந்து மூக்கைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டிவரும். ஹற்றன், நுவரெலியாப் பக்கம் தென்மேல் பருவ மழையும், பதுளைப் பக்கம் வடகீழ்ப் பருவ மழையும் கொட்டும் காலத்தில் பாதை அடைபடுவது நமக்குத் தெரிந்ததே. தூரத் தோட்டத்தில் இருப்பவர் முதல் இரண்டு கிழமையாவது டவுனில் உறவுக்காரர் வீட்டில் தங்க முடிந்தால் நல்லது.

முதல் இரண்டு கிழமை

மணம் இன்னும் குறையும். இது எதிர்பார்க்கப்படுவதே. உள்ளே வீக்கமும் உறைந்த இரத்தமும் பொருக்கும் நிரம்பியிருக்கும். இந்த நேரத்தில் மணத்தைப் பார்த்து ஒப்பரேஷன் தோற்றுவிட்டது என்று முடிவெடுக்க வேண்டாம்.

மூக்கைச் சீந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து விடுங்கள். தலைக்கு இரண்டு தலையணை வைத்துப் படுங்கள். கொழுந்துக்கூடை, விறகுக்கட்டு, தண்ணீர்க்குடம், காஸ் சிலிண்டர் எதையும் தூக்க வேண்டாம், குனிந்து செய்யும் வேலையும் வேண்டாம். வலிக்குப் பனடோல் 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, வளர்ந்தவர்களுக்கு நாளொன்றுக்கு எட்டுக்கு மேல் கூடாது. டிஸ்பிரின், இபுபுரோஃபன், டைக்ளோஃபெனக் டொக்டர் சொல்லாமல் வேண்டாம். விறகடுப்புப் புகைக்குள் நிற்காதீர்கள், இரண்டு கிழமைக்குச் சமையலை வேறொருவர் பார்க்கட்டும். தொழிற்சாலையில் தேயிலைத் தூள் பறக்கும் சலிப்பு அறை வேலைக்குத் திரும்புவது என்றால் டொக்டரிடம் கேட்டுவிட்டு, மாஸ்க்கோடு போங்கள்.

பொருக்கை எடுக்கும் கிளினிக் நாளைத் தவறவிடாதீர்கள். சற்று வலிக்கும், அதனால்தான் பலர் வராமல் விடுகிறார்கள். ஆனால் பொருக்கு அப்படியே கிடந்தால் நடுச் சதைமடிப்பு நடுச்சுவரோடு ஒட்டிக்கொள்ளும். அந்த ஒட்டு விழுவது மணப் பிளவின் வாசலில்தான். நல்ல ஒப்பரேஷன் ஒன்றின் பலனை முழுதாகக் கெடுக்கும் காரணங்களில் இது முக்கியமானது. சின்ன ஒட்டாக இருக்கையில் கிளினிக்கிலேயே விடுவித்துவிடலாம்.

உப்புத் தண்ணீரால் கழுவுவது

இதுதான் நீண்ட காலத்துக்குக் கைகொடுக்கும் வேலை. ஒப்பரேஷனுக்கு முன் கழுவினால் தண்ணீர் சைனஸ் அறைகளுக்குள் அரிதாகவே போகும். திறந்த பிறகு உள்ளேயே போகிறது. எப்போது தொடங்குவது என்பதை உங்கள் டொக்டர் சொல்வார், பெரும்பாலும் ஓரிரு நாளிலோ மூக்குக்குள் வைத்த பஞ்சை எடுத்த பிறகோ.

500 மில்லிலீற்றர் கொதித்தாறிய தண்ணீருக்கு, மட்டமாகத் தட்டிய முக்கால் தேக்கரண்டி தூள் உப்பு, கால் தேக்கரண்டி அப்பச்சோடா. கடையில் கிடைக்கும் சமையல் உப்பு பெரும்பாலும் அயடீன் சேர்த்தது, அது சிலருக்கு உள்ளே எரியும். அயடீன் சேர்க்காத சுத்த உப்போ, மருந்துக்கடையில் விற்கும் மூக்கு கழுவும் பைக்கற்றோ நல்லது. உப்பு குறைந்தாலும் எரியும், கூடினாலும் எரியும். எரிகிறது என்று விட்டுவிடாமல் அளவைச் சரிபாருங்கள்.

தண்ணீர் விஷயத்தில் மலைநாட்டில் இருப்பவர் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். பீலித் தண்ணீர், ஊற்றுத் தண்ணீர், குழாய்த் தண்ணீர் எதையும் கொதிக்க வைக்காமல் மூக்குக்குள் விடக் கூடாது. குடித்தால் வயிற்று அமிலம் கொல்லும் சில கிருமிகள், மூக்கின் மேற்புறத்தால் போனால் மூளையை எட்டும். அரிது, ஆனால் உயிரைப் பறிக்கும். ஆரவாரமாகக் கொதிக்கத் தொடங்கிய பின் ஒரு நிமிடம் போதும் என்பது தாழ்ந்த இடங்களுக்கான கணக்கு. ஏறக்குறைய 2,000 மீற்றருக்கு மேல் மூன்று நிமிடம் வேண்டும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, அங்கே தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். ஆகவே மேட்டுத் தோட்டங்களில் இருப்பவர்கள் மூன்று நிமிடத்தையே வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். மூடி ஆறவிட்டு, ஒரு நாளைக்குள் பாவித்து முடியுங்கள்.

கழுவும்போது தண்ணீர் இளஞ்சூடாக, உள்மணிக்கட்டில் விட்டால் சூடோ குளிரோ தெரியாத பதத்தில் இருக்க வேண்டும். குளிர்ந்த தண்ணீர் நெற்றியில் குத்தும். சிங்க்குக்கு மேல் குனிந்து, வாயைத் திறந்து, “ஆ” என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே ஒரு நாசிக்குள் பிழி போத்தலால் மெதுவாக அழுத்துங்கள். தண்ணீர் மறு நாசியாலும் வாயாலும் வரும். பக்கத்துக்கு 240 மில்லிலீற்றர், நாளுக்கு இரு தடவை. காதில் அடைத்தால் அழுத்தம் கூடிவிட்டது என்று பொருள். சிறிது நேரம் கழித்துக் குனிந்தால் மூக்கிலிருந்து தண்ணீர் திடீரெனக் கொட்டும், பயப்பட வேண்டாம், சைனஸில் தங்கியது இறங்குகிறது. வெளியே போகுமுன் முன்பக்கம் குனிந்து தலையை இருபுறமும் திருப்பி வடிய விடுங்கள். போத்தலைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, கவிழ்த்துக் காயவிடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

பொலிப் இருந்தவர்களுக்குச் சில டொக்டர்மார் நெபியூலைசருக்கு (மருந்தைப் புகையாக்கி இழுக்கும் கருவி) பாவிக்கும் புடெசொனைட் எனும் ஸ்டெரொய்ட் மருந்தை, 2 மில்லிலீற்றரில் 0.5 மில்லிகிராம் உள்ள குப்பியை, 240 மில்லிலீற்றர் உப்புத் தண்ணீரில் கலந்து கழுவச் சொல்வார்கள். மணம் மீள்வதற்கு இது நல்ல வழி. டொக்டர் எழுதித் தந்தால் மட்டுமே செய்யுங்கள்.

ஸ்ப்ரே, துளி மருந்து

ஸ்டெரொய்ட் ஸ்ப்ரேயை முதலில் அடித்துவிட்டுப் பிறகு கழுவுகிறவர்கள் நிறையப் பேர். மருந்து முழுவதும் சிங்க்கில் போய்விடும். கழுவிய பின் பத்து, பதினைந்து நிமிடம் விட்டு அடிக்க வேண்டும். வலது கையால் இடது நாசிக்கு, இடது கையால் வலது நாசிக்கு. முனை கண்ணின் வெளி ஓரத்தை நோக்க வேண்டும். நடுச்சுவரை நோக்கி அடித்தால் அங்கே புண்ணாகி இரத்தம் வரும். தலையை அண்ணாந்து அடிக்காதீர்கள், பலமாக உறிஞ்சவும் வேண்டாம். தொண்டையில் கசப்பு இறங்கினால் மருந்து வயிற்றுக்குப் போகிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

சாதாரண ஸ்ப்ரே மணப் பிளவு வரை ஏறுவது குறைவு. அதனால் சிலருக்கு ஸ்டெரொய்ட் துளி மருந்து கொடுப்பார்கள். கட்டிலில் மல்லாந்து படுத்து, நாசித் துவாரங்கள் கூரையைப் பார்க்கும்படி தலையைக் கட்டில் விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டுத் துளிகளை விட வேண்டும். இரண்டு நிமிடம் அப்படியே இருங்கள். உட்கார்ந்தபடி விட்டால் துளி நேரே தொண்டைக்குப் போகும். கழுத்து வருத்தக்காரர் வேறு முறை கேளுங்கள்.

மருந்துக்கடையில் வாங்கும் அடைப்பு நீக்கித் துளி வேறு, இது வேறு. ஒக்ஸிமெற்றசோலின், ஸைலோமெற்றசோலின் போன்றவற்றை ஐந்து, ஆறு நாளுக்கு மேல் பாவித்தால் மூக்கு முன்பைவிட மோசமாக அடைக்கும்.

மணப் பயிற்சி

பொருக்கு நீங்கியபின், ஏறக்குறைய ஒரு மாதத்தில் தொடங்கலாம். ரோஜா, எலுமிச்சை, கராம்பு, யூகலிப்டஸ் நான்கும் ஜேர்மனியில் உருவான பழைய பயிற்சியின் மணங்கள். நம் வீட்டில் தேசிக்காய்த் தோல், இடித்த கராம்பு, பஞ்சில் இரண்டு துளி யூகலிப்டஸ் எண்ணெய், பன்னீர் என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றையும் பத்து முதல் இருபது வினாடி மெதுவாக, சின்னச் சின்ன உறிஞ்சலாக, அந்த மணம் எப்படி இருந்தது என்று நினைத்தபடி முகருங்கள். காலையும் மாலையும், குறைந்தது மூன்று மாதம். தேசித் தோலை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள், காய்ந்த தோலில் பயிற்சி செய்து பயனில்லை. காய்ச்சலுக்குப் பின் மணம் போனவர்களுக்குத்தான் இந்தப் பயிற்சியால் பலன் அதிகம் காணப்பட்டது. பீனிசத்தில் இது துணைதான், மருந்துக்குப் பதில் அல்ல.

எதை எப்போது எதிர்பார்க்கலாம்

பலருக்கு முதலாம் மாதத்துக்கும் மூன்றாம் மாதத்துக்கும் இடையில் மணம் எட்டிப் பார்க்கும். கோப்பி, கருவாடு போன்ற கடும் மணம் முதலில், ரம்பை இலை போன்ற மெல்லிய மணம் பிறகு. ஆறாம் மாதம்தான் கணக்குப் பார்க்கச் சரியான நேரம். சிலருக்கு முதல் இரண்டு கிழமையிலேயே மணம் அற்புதமாக வந்து, மூன்றாம் கிழமையில் மங்கும். ஒப்பரேஷனைச் சுற்றிக் கொடுத்த ஸ்டெரொய்ட் குளிசை முடிந்ததே பெரும்பாலும் காரணம். மனம் விட வேண்டாம், நரம்பு வேலை செய்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. உடனே டொக்டரிடம் சொல்லி மூக்குக்குள் போடும் மருந்தைப் பலப்படுத்திக்கொள்ளுங்கள்.

ஆறு மாதம் கடந்தும் எதுவும் வரவில்லை என்றால் எண்டஸ்கோப்பால் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். ஒட்டா, எஞ்சிய பொலிப்பா, புதிதாக முளைத்ததா, வழி சுத்தமாக இருந்தும் நரம்பு மந்தமா என்று பிரித்தறிய வேண்டும். ஒப்பரேஷனாலேயே மணம் நிரந்தரமாகக் குறைவது அரிதாக நடக்கும். கையொப்பம் வைக்கும் முன் அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். திரும்பத் திரும்ப முளைக்கும் பொலிப்புக்கு டியுபிலுமாப் என்ற ஊசி 2019 முதல் வெளிநாடுகளில் பாவனையில் உள்ளது, மணத்தை மீட்பதில் நல்ல மருந்து. விலைதான் மிக அதிகம்.

உடனே ஆஸ்பத்திரிக்கு

முன்பக்கம் குனிந்து மூக்கின் மென்பகுதியைப் பதினைந்து நிமிடம் விடாமல் பிடித்தும் நிற்காத சிவந்த இரத்தம். கழுவிய தண்ணீர் வடிந்து முடிந்த பிறகும், குனிந்தால் ஒரு நாசியால் தெளிந்த தண்ணீராகச் சொட்டுவது, உப்புச் சுவையோடு. இது மூளையைச் சுற்றிய நீர் கசிவதாக இருக்கலாம். கண் வீக்கம், இரட்டையாகத் தெரிதல், பார்வை மங்கல். காய்ச்சலோடு கடும் தலைவலியும் கழுத்து இறுக்கமும். இவற்றில் எதற்கும் காலை பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம், 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள்.

மணம் வரும் வரை வீட்டில்

காஸ் அடுப்புப் பாவிப்பவர்கள் இரவில் சிலிண்டர் ரெகுலேற்றரை மூடிவிட்டே படுங்கள். குழாய் இணைப்பில் சவர்க்கார நுரை தடவிக் குமிழ் வருகிறதா என்று கிழமைக்கு ஒருமுறை பாருங்கள். கறி, பால், சோறு கெட்டதை மூக்கால் அறிய முடியாது, செய்த நாளைப் பாத்திரத்தில் எழுதி ஒட்டுங்கள், சந்தேகமென்றால் வீட்டில் மூக்குள்ள ஒருவரிடம் நீட்டுங்கள். சாப்பாடு சப்பென்று இருப்பதால் உப்பும் சீனியும் கை தாராளமாகப் போகும். நாக்குக்குத் தெரிவது இனிப்பு, உப்பு, புளிப்பு, கசப்பு போன்ற சிலதான், மற்ற ருசியெல்லாம் மூக்கின் வேலை. பிரஷரும் சீனியும் உள்ளவர்கள் உப்புக்குப் பதில் தேசிப்புளி, மிளகு, இஞ்சி கூட்டிச் சமையுங்கள். எரிவும் புளிப்பும் மணமில்லாமலே தெரியும்.